அம்பு தைத்த ஈனியாஸ்: காவியத்திலும் சுவரிலும்

ரோமானியர் தங்கள் ஆதிபுருஷனாகக் கொண்டாடிய ஈனியாஸ் போர்க்களத்தில் அம்பு பட்டு நிற்கும் கட்டம் இரண்டு விதமாக நமக்குக் கிடைத்திருக்கிறது. ஒன்று, ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் 'ஈனியட்' காவியத்தின் 12-ஆம் காண்டம். மற்றது, பண்டைய ரோமானிய நகரான பாம்பேயில் ஒரு வீட்டுச் சுவரை அலங்கரித்து, இப்போது நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஓவியம்.

வர்ஜிலின் ஈனியாஸ் இரும்பு. வாளால் காயத்தைக் கீறி அம்பை எடு, என்னைச் சண்டைக்கு அனுப்பு என்று சீறுகிறான். ஈட்டியை ஊன்றி நிற்கிறான். சுற்றி நிற்பவர்களின் கண்ணீரோ, மகன் அஸ்கானியஸின் அழுகையோ அவனை அசைப்பதில்லை.

ஓவியனும் அதே ஈட்டியைக் கொடுத்திருக்கிறான். ஆனால் இடது கை மகனின் தோள்மேல் கிடக்கிறது. பையன் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறான். தொடையில் ரத்தம். வைத்தியர் யாபிக்ஸ் மண்டியிட்டு, இடுக்கியால் அம்புமுனையைத் தேடுகிறார். காவியத்தில் இருண்ட மேகத்துக்குள் மறைந்து மூலிகை கொண்டுவரும் அவனுடைய தாய், காதல் தெய்வம் வீனஸை இங்கே கண்ணெதிரே பார்க்கிறோம். மகனை அணைப்பதும் முத்தமிடுவதும் வர்ஜிலில் காயம் ஆறிய பிறகுதான், அதுவும் தலைக்கவசத்தின் ஊடாக. ஓவியனோ அந்தப் பாசத்தை வலியின் நடுவிலேயே வைத்துவிட்டான். எனக்கு இதுதான் பெரிய துணிச்சலாகத் தெரிகிறது.

ரோமானியப் பேரரசர் அகஸ்டஸ், ரோமில் தான் கட்டிய மன்றத்தில் நிறுத்திய ஈனியாஸ் சிலையிலும் மகன் உண்டு. தந்தையைத் தோளில் சுமந்தபடி மகனைக் கையில் பிடித்து நடக்கிறான் ஈனியாஸ். அரசாங்கத்துக்கு வேண்டிய முன்னோர் அவன். அங்கே காயத்துக்கு இடமில்லை.

ஆனால் யாபிக்ஸ் விஷயத்தில் சுவர் தோற்றுப்போகிறது. வில்வித்தை, யாழ், குறிசொல்லும் ஆற்றல் என்று அப்பல்லோ தெய்வம் அள்ளிக் கொடுக்க வந்தும், சாகக் கிடக்கும் அப்பாவின் ஆயுளை நீட்ட மூலிகை அறிவு போதும் என்று கேட்டு வாங்கியவர் அவர். இதைச் சொல்ல வர்ஜிலுக்குச் சில வரிகள் போதும். வண்ணத்தால் சொல்ல முடியாது. இது தெரிந்தபின் ஓவியத்தைப் பார்த்தால், அப்பாவுக்காக வைத்தியம் படித்த மனிதர் மண்டியிட்டிருக்க, பக்கத்தில் இன்னொரு மகன் தன் அப்பாவுக்காக அழுதுகொண்டிருப்பான்.