பள்ளிச் செய்தித்தாளுக்கு ஸ்கிரைபஸ் 1.6 போதுமா?

மாணவர்களே நடத்தும் பள்ளிச் செய்தித்தாளில் எழுத ஆள் கிடைக்கும், படம் எடுக்கவும் ஆள் கிடைக்கும். கடைசி வாரத்தில் எல்லாம் வந்து முட்டிக்கொள்வது லே-அவுட்டில், அதாவது பக்க வடிவமைப்பில்தான். ஒரே ஒரு கணினியில் மட்டும் மென்பொருள் இருந்தால், அதை இயக்கத் தெரிந்த ஒரு மாணவர் தலையில் மொத்த இதழும் விழும். டிடிபி கடைக்குக் கொடுத்தால் பிழைதிருத்தம் ஆசிரியர் குழுவின் கையை விட்டுப் போய்விடும். பக்க வடிவமைப்பு மென்பொருளான ஸ்கிரைபஸின் முதல் பலம் இங்கே தெரிகிறது. காசு இல்லை, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், நான்கு பக்கத்துக்கும் பொறுப்பான நான்கு பேரும் வீட்டிலேயே நிறுவிக்கொள்ளலாம்.

எந்தப் பதிப்பு என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. பழைய 1.4 வரிசையில் தமிழ் சரியாக வராது: கொம்பும் காலும் எழுத்தை விட்டுத் தனியே நிற்கும், சில இடங்களில் புள்ளி வட்டம் முளைக்கும். 2024 ஜனவரியில் வந்த 1.6இல் அந்தக் குறை இல்லை. பழைய லினக்ஸ் கணினியில் 1.4 மட்டுமே கிடைத்தால் அதில் தொடங்கவே வேண்டாம். 1.6இல் சேமித்த கோப்பை 1.4இல் திறக்கவும் முடியாது. ஆகவே குழுவில் எல்லோரிடமும் ஒரே பதிப்பு இருக்கிறதா என்று முதல் கூட்டத்திலேயே பார்த்துவிடுங்கள்.

பெரும்பாலான பள்ளிகளுக்கு ஏற்ற அளவு, ஏ3 தாளை மடித்த நான்கு ஏ4 பக்கங்கள். இருபுறமும் 12 மி.மீ. ஓரம் விட்டால் எழுத்துக்குக் கிடைக்கும் அகலம் 186 மி.மீ. நடுவில் 5 மி.மீ. இடைவெளி வைத்து மூன்று பத்தியாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 58 மி.மீ.க்குச் சற்று மேல். நாளிதழ் போலத் தெரியட்டும் என்று நான்காகப் பிரிப்பார்கள்; பத்தி 43 மி.மீ.க்குக் குறுகி, வரிக்கு இரண்டு மூன்று சொல்தான் நிற்கும். 'நடத்தப்பட்டதாகத் தெரிவித்தார்' போன்ற சொற்கள் நிறைந்த தமிழுக்கு அது தாங்காது. இருபக்கமும் சமன் செய்தால் சொற்களுக்கு நடுவே பொத்தல் பொத்தலாக வெள்ளை விழும். மூன்று பத்தி, இடப்பக்க ஒழுங்கு என்பதே பாதுகாப்பு. சமன் செய்துதான் ஆக வேண்டுமென்றால் எழுத்து விரிவை 98 முதல் 102 சதவீதத்துக்குள் வையுங்கள். அதற்கு மேல் போனால் எழுத்து இழுபட்டது கண்ணுக்குத் தெரியும்.

செய்தி எழுத்து 10 பாயின்ட், வரி உயரம் 14 பாயின்ட். ஆங்கிலத்துக்குப் போதும் 12 பாயின்ட் இங்கே போதாது. மேல்வரியின் 'கூ'வும் கீழ்வரியின் 'கீ'யும் இடித்துக்கொள்ளும். வரிகள் உட்காரும் கோடுகளான அடிக்கோட்டு வலையையும் 14க்கு அமைத்து, செய்தி எழுத்தை அதோடு ஒட்டவைத்தால் பக்கத்துப் பத்திகளின் வரிகள் ஒரே கோட்டில் நிற்கும். தலைப்பு, பைலைன் (எழுதியவர் பெயர்), செய்தி, படக்குறிப்பு என நான்கு 'பாராகிராஃப் ஸ்டைல்'களை (எழுத்துரு, அளவு, வரி உயரத்தை ஒரே பெயரில் சேமிக்கும் பாணிகள்) உருவாக்கி, இதழின் பெயரையும் பக்க எண்ணையும் எல்லாப் பக்கத்திலும் தானாக வரவைக்கும் மாஸ்டர் பக்கத்தில் வைத்து, வார்ப்புருவாகச் சேமியுங்கள். இந்த ஒரு நாள் வேலையைத் தள்ளிப்போட்ட குழு ஒவ்வொரு இதழிலும் அதற்கு வட்டி கட்டும்.

புதிதாக வருகிறவர்கள் தடுமாறும் இன்னோர் இடம், தடித்த எழுத்து. வேர்டில் இருப்பதுபோல அழுத்தியதும் எழுத்தைத் தடிக்க வைக்கும் பொத்தான் இதில் இல்லை. அந்த எழுத்துருவின் தடித்த கோப்பு கணினியில் இருந்தால்தான் வரும். இது குறையல்ல, நல்லது. செயற்கையாகத் தடிக்க வைத்த தமிழ் எழுத்தில் 'ஞ', 'ணை' போன்றவை அச்சில் அடைத்துப் போகும். நோட்டோ செரிஃப் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை மூன்றும் பல தடிமன்களில் இலவசமாகக் கிடைக்கின்றன.

செய்தியை ஸ்கிரைபஸுக்குள் தட்டச்சு செய்யாதீர்கள். அதன் உரைத் திருத்தி அவ்வளவு சுகமில்லை. செய்ததை மீட்டெடுக்கும் வசதியை எழுத்து வேலைக்கு முழுதாக நம்பவும் முடியாது. கூகுள் டாக்ஸில் எழுதி, அங்கேயே இரண்டு பேர் மெய்ப்புப் பார்த்து முடித்த பின், வெறும் உரைக் கோப்பாக இறக்கி, பக்கத்தில் செய்திக்காக வரைந்த சட்டகத்துக்குள் கொண்டுவாருங்கள். அப்போது கேட்கும் குறியாக்கப் பெட்டியில் யுடிஎஃப்-8 தேர்ந்தெடுக்காவிட்டால் பக்கம் முழுக்கக் கிறுக்கல்தான். ஆசிரியர்களிடமிருந்து பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் வரும் கட்டுரைகளை யூனிகோடுக்கு மாற்றிய பிறகு ஒருமுறை முழுதாக வாசியுங்கள். சட்டகத்தின் கீழ் வலது மூலையில் சிவப்புக் குறி தெரிந்தால் செய்தி இடத்துக்கு மிஞ்சிவிட்டது என்று பொருள். எழுத்தைச் சுருக்காதீர்கள், செய்தியை வெட்டுங்கள்.

படங்கள் கோப்புக்குள் போய் உட்காருவதில்லை, இணைப்பு மட்டுமே. பென் டிரைவில் ஸ்கிரைபஸின் .எஸ்எல்ஏ கோப்பை மட்டும் கொண்டுபோனால் அச்சகத்தில் படம் காணாமல் போகும். 'கலெக்ட் ஃபார் அவுட்புட்' கட்டளை படங்களையும், அதற்கான தெரிவைக் குறித்தால் எழுத்துருக்களையும் ஒரே கோப்புறையில் சேர்த்துக் கொடுக்கும். பக்க அகலப் படத்துக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில் ஏறக்குறைய 2,200 பிக்சல் அகலம் வேண்டும், இரண்டு பத்திக்கு 1,450. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

பிடிஎஃப் எடுக்கும்போது குறுக்கிடும் பிரீஃபிளைட் சோதனையை எரிச்சலில் தாண்டிப் போகாதீர்கள். மிஞ்சிய செய்தி, விட்டுப்போன படம், எழுத்துருவில் இல்லாத எழுத்து எல்லாவற்றையும் அது காட்டிவிடும். ஆஃப்செட்டுக்குப் போவதானால் படம் ஓரத்தைத் தொடும் இடங்களில் 3 மி.மீ. பிளீடு (வெட்டும் கோட்டைத் தாண்டிப் படம் நீளும் பகுதி) விட்டு, செய்தி எழுத்து தனிக் கறுப்பில் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். நான்கு மையும் கலந்த கறுப்பு சிறிய எழுத்தில் நிழல் தட்டும். அச்சுக்கான பிரதியில் எழுத்துகளைக் கோடுகளாக மாற்றிவிட்டால் அச்சகத்தில் எழுத்துரு இல்லையே என்ற கவலை இல்லை. வாசகர்களுக்கு இணையத்தில் அனுப்பும் பிரதியில் மட்டும் எழுத்துருவைப் பதித்து வையுங்கள். ஜெராக்ஸ் கடை என்றால் பக்க வரிசை: தாளின் ஒருபுறம் 4, 1, மறுபுறம் 2, 3.

ஸ்கிரைபஸின் உண்மையான பலவீனம் கூட்டு வேலை. ஒரே கோப்பில் இரண்டு பேர் சேர்ந்து உழைக்க வழியில்லை. பக்கத்துக்கு ஒரு கோப்பு என்று ஒரே வார்ப்புருவிலிருந்து பிரித்துக் கொடுத்து, கடைசியில் ஒருவர் பக்க இறக்குமதி வழியாகச் சேர்ப்பதுதான் வழி. இணையத்தில் இயங்கும் வடிவமைப்புக் கருவியான கேன்வாவில் பலர் சேர்ந்து உழைக்கலாம். ஆனால் ஒரு பத்தியில் மிஞ்சிய செய்தி தானாக அடுத்த பத்திக்கு வழியாது. சுவரொட்டிக்குக் கேன்வா, செய்தித்தாளுக்கு ஸ்கிரைபஸ். பள்ளியில் ஏற்கெனவே அடோபியின் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைன் இருந்தால் மாற வேண்டியதில்லை. அதில் தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் 'வேர்ல்ட் ரெடி' கம்போசரைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

பிளஸ் டூ மாணவர்கள் ஆண்டு முடிவில் போய்விடுவார்கள். போகுமுன் வார்ப்புரு, எழுத்துருக்கள், கடைசி இதழின் சேகரித்த கோப்புறை மூன்றையும் பதினொன்றாம் வகுப்பில் இரண்டு பேரிடமாவது கொடுத்து, ஒரு பக்கத்தை அவர்களே முடிக்கும்வரை பக்கத்தில் உட்காருங்கள்.