ஸ்பிரிங்பேங்க்: முளைகட்டுவது முதல் பாட்டிலில் அடைப்பது வரை

ஸ்காட்லாந்தின் விஸ்கி வடிசாலைகளில் ஒன்றே ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்லும் பெயர், கேம்பல்டவுனில் உள்ள ஸ்பிரிங்பேங்க். இதைவிட அழகான கட்டடங்களும் வசதியான வரவேற்புக் கூடங்களும் ஸ்பேசைடு பகுதியில் நிறைய உண்டு. ஆனால் பார்லியை முளைகட்டுவது, உலர்த்துவது, அரைப்பது, ஊறல் போடுவது, வடிப்பது, பீப்பாயில் முதிரவைப்பது, பாட்டிலில் அடைப்பது ஆகிய எல்லா வேலைகளும் ஒரே இடத்தில், பெரும்பாலும் மனிதர்களின் கைகளால் நடப்பதை இங்கே காணலாம். அவற்றைப் பார்த்துவிட்டுச் சுவைக்கும்போது, கோப்பையில் உள்ள சுவைகளில் எது எந்த அறையில் பிறந்தது என்று ஓரளவு சொல்லிவிட முடிகிறது.

கேம்பல்டவுன், கின்டயர் தீபகற்பத்தின் தென்கோடியில் உள்ள சிறிய துறைமுக நகரம். ஒரு காலத்தில் இருபதுக்கும் மேற்பட்ட வடிசாலைகளுடன் ‘உலகின் விஸ்கித் தலைநகர்’ என்று பெயரெடுத்த ஊர் இது. 1920இல் அமெரிக்காவில் மதுவிலக்கு வந்து பெரிய சந்தை கைவிட்டுப் போனதாலும், அவசர உற்பத்தியால் தரம் சரிந்து பெயர் கெட்டதாலும் அவை ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. இன்று ஸ்பிரிங்பேங்க், க்ளென் ஸ்கோஷியா, 2004இல் மீண்டும் திறக்கப்பட்ட க்ளென்கைல் ஆகிய மூன்றே இயங்குகின்றன. ஜப்பானிய விஸ்கியின் முன்னோடியான மசாடகா டகெட்சுரு 1920இல் தொழில் கற்க வந்ததும் இந்த ஊருக்குத்தான். அவர் பயிற்சி பெற்ற ஹேசல்பர்ன் வடிசாலை இப்போது இல்லை, பெயர் மட்டும் ஸ்பிரிங்பேங்கின் மூன்று விஸ்கிகளில் ஒன்றுக்குச் சூட்டப்பட்டு வாழ்கிறது. ஸ்பிரிங்பேங்க் 1828இல் தொடங்கப்பட்டது. 1837 முதல் மிட்செல் குடும்ப நிறுவனத்தின் வசம் இருக்கிறது.

சுற்றிப் பார்ப்பதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் முளைகட்டும் தளம். தண்ணீரில் ஊறிய பார்லியைக் கல்தரையில் பரப்பி, பல நாள்கள் முளைக்க விடுகிறார்கள். முளைக்கும் தானியம் சூடாகும். அப்படியே விட்டால் வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக் கட்டியாகிவிடும். அதனால் ஆள்கள் இரவு பகலாக முறை வைத்து அதைத் திருப்பிப் போடுகிறார்கள். குனிந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்தால் கைக்கு இளஞ்சூடாக இருக்கும். பச்சை வெள்ளரியின் மணம் வரும். ஒவ்வொரு மணியின் அடியிலும் வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும். பெரும்பாலான வடிசாலைகள் இந்த வேலையை, மால்ட் என்னும் முளைகட்டி உலர்த்திய பார்லியைச் செய்யும் பெரிய ஆலைகளிடம் ஒப்படைத்துவிட்டன. லஃப்ரோய்க், பொமோர், பால்வெனி போன்றவை தங்கள் தேவையில் ஒரு பகுதியை மட்டும் தாங்களே முளைகட்டுகின்றன. ஸ்பிரிங்பேங்க் தனக்கு வேண்டிய முழு மால்ட்டையும் இந்தத் தளத்திலேயே செய்துகொள்கிறது.

முளைத்த பார்லியைச் சூளையில் உலர்த்தும் விதத்தில்தான் மூன்று விஸ்கிகளும் முதன்முதலில் பிரிகின்றன. ஹேசல்பர்னுக்கு வெறும் சூடான காற்று. ஸ்பிரிங்பேங்குக்கு முதல் சில மணி நேரம், சதுப்பு நிலத்தில் வெட்டியெடுத்த பீட் என்னும் மட்கிய மண்கட்டிகளை எரித்த புகை, பிறகு காற்று. லாங்ரோவுக்கு ஏறத்தாழ இரண்டு நாள் முழுக்கப் புகை. அடுத்த அறைகளில் உள்ள, அரைத்த மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்கும் மூடியற்ற வார்ப்பிரும்புத் தொட்டியும், ஊறல் புளிக்கும் லார்ச் மரத்தொட்டிகளும் பழமையின் அழகு கொண்டவை. பல வடிசாலைகளில் இரண்டு மூன்று நாளில் முடியும் புளிப்பு இங்கே நூறு மணி நேரத்தை ஒட்டி நீள்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். இந்த விஸ்கியின் பழமணத்துக்கு அந்தப் பொறுமையும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

வடிக்கும் அறையில் மூன்று செப்பு வாலைகள், அதாவது வடிகலன்கள், நிற்கின்றன. முதல் வாலைக்கு அடியில் நேரடியாக எண்ணெய்த் தீ எரிகிறது. பாயசம் அடிப்பிடிக்காமல் கிளறுவது போல, உள்ளே ஒரு செப்புச் சங்கிலி சுழன்று வாலையின் அடியைத் துடைத்துக்கொண்டே இருக்கிறது. லாங்ரோ இரண்டு முறையும் ஹேசல்பர்ன் மூன்று முறையும் வடிக்கப்படுகின்றன. ஸ்பிரிங்பேங்கை மட்டும் ‘இரண்டரை முறை’ என்கிறார்கள். முதல் வடிப்பில் கிடைத்ததில் ஒரு பங்கை ஒதுக்கி வைத்துவிட்டு மீதியை இரண்டாம் முறை வடித்து, கடைசி வாலையில் இரண்டாம் வடிப்பு 80 விழுக்காடும் ஒதுக்கிய முதல் வடிப்பு 20 விழுக்காடும் சேர்த்து ஏற்றுவதால் அந்தக் கணக்கு வருகிறது. மூன்று முறை வடித்ததன் மென்மையும், குறைவாக வடித்ததன் கனமும் ஒரே மதுவில் எப்படிக் கூடுகின்றன என்பது இந்த அறையில் நின்றால் தெளிவாகப் புரியும்.

இனி சுவைக்கு வருகிறேன். ஹேசல்பர்ன், ஸ்பிரிங்பேங்க், லாங்ரோ என்ற வரிசையில் குடிப்பதே சரி. புகையை முதலில் ஏற்றிவிட்டால் நாக்கு மற்ற இரண்டுக்கும் நியாயம் செய்யாது. மூன்றின் வழக்கமான வெளியீடுகளும் 46 விழுக்காடு வலிமை கொண்டவை. கேரமல் நிறம் சேர்ப்பதில்லை. குளிரவைத்து வடிகட்டுவதும் இல்லை என்பதால், வாயில் எண்ணெய்ப்பசை போன்ற ஒரு நிறைவு தங்குகிறது. 10 ஆண்டு ஹேசல்பர்னில் பேரிக்காயும் தேனும் முன்னே நிற்கின்றன. குற்றம் சொல்ல எதுவும் இல்லை, ஆனால் அடுத்த மிடற்றுக்கு மனம் துடிக்கவும் இல்லை. 10 ஆண்டு ஸ்பிரிங்பேங்க் முற்றிலும் வேறு. மூக்கருகே கொண்டுபோகும்போது பேரிக்காயும் வெனிலாவும் ஈர மால்ட்டும். நாக்கில் பட்டதும் கடலுப்பு, மிளகு. விழுங்கிய பிறகு வெகுநேரம் கழித்து, அணைந்த அடுப்பிலிருந்து வருவது போன்ற மெல்லிய புகை. நான்கைந்து துளி தண்ணீர் விட்டால் இனிப்பு மேலெழுந்து உப்பு பின்வாங்குகிறது. தண்ணீர் விடாமல் பாதியும் விட்டுப் பாதியுமாகக் குடிப்பது நல்லது. லாங்ரோவின் புகை, ஐலாத் தீவு விஸ்கிகளில் வரும் மருந்து வாடை இல்லாமல், வெண்ணெயில் வாட்டிய இனிப்பைச் சுற்றி வருகிறது. விஸ்கியில் புகைச்சுவை பிடிக்காது என்பவர்களும் இதை ஒருமுறை முயன்று பார்க்கலாம்.

ஷெரி என்னும் ஸ்பானிய ஒயினின் பீப்பாய்களுடைய தாக்கம் மிகுந்த 15 ஆண்டு ஸ்பிரிங்பேங்கைப் பலர் இந்த வடிசாலையின் உச்சம் என்பார்கள். உலர் அத்திப்பழமும் கசப்புச் சாக்லேட்டும் நிறைந்த அருமையான மதுதான் அது. என்றாலும், பீப்பாயின் குரல் ஓங்கி, முளைகட்டும் தளத்தில் முகர்ந்த அந்தத் தானிய மணம் அடங்கிவிடுவதால், என் வாக்கு 10 ஆண்டுக்கே.

குறைகளையும் சொல்ல வேண்டும். கிளாஸ்கோவிலிருந்து ஏரிக்கரை, கடற்கரை வழியாக மூன்று மணி நேரத்துக்கு மேல் பயணம். போன அன்றே திரும்ப நினைத்தால் எதையும் நிம்மதியாகப் பார்க்க முடியாது, ஓரிரவு தங்குங்கள். பழைய கட்டடங்கள் என்பதால் படிகள் செங்குத்து. மூட்டுவலி உள்ளவர்கள் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நலம். வாகனம் ஓட்டுபவர் ஒரு வாய்கூடக் குடிக்காமல் இருப்பதே நல்லது, 2014 முதல் ஸ்காட்லாந்தின் சட்ட வரம்பு இங்கிலாந்தினதைவிடக் கடுமையானது. கோடையிலும் மே மாத விஸ்கி விழாவை ஒட்டியும் இடங்கள் விரைவில் தீர்ந்துவிடும் என்பதால், விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்பே பதிவு செய்துவிட வேண்டும்.

உலகெங்கும் கேட்பவர்கள் பெருகிவிட்டதால், வடிசாலையின் சொந்தக் கடையிலும் விரும்பிய பாட்டில் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. ஏலத்திலும் மறுவிற்பனையிலும் கேட்கும் விலைக்கு இதை வாங்குவது எனக்கு உடன்பாடில்லை; இது திறந்து குடிப்பதற்காகச் செய்யப்பட்ட மது. அலமாரியில் 10 ஆண்டு ஸ்பிரிங்பேங்க் இல்லாவிட்டால், அதே நிறுவனம் பக்கத்திலேயே உள்ள க்ளென்கைலில் வடிக்கும் 12 ஆண்டு கில்கெரானைத் தயங்காமல் வாங்குங்கள். அதே தளத்தில் முளைகட்டிய மால்ட், அதே 46 விழுக்காடு, எலுமிச்சைத்தோலின் மணத்தோடு அதே கடலுப்பு. விலையும் பெரும்பாலும் குறைவு.