காப்ஸ்தேரிலிருந்து வந்த கொலம்போ பொடி

கரீபியக் கடலில் பிரான்சின் ஆட்சிக்குட்பட்ட குவாதலூப் தீவில் காப்ஸ்தேர்-பெல்-ஓ என்றொரு விவசாய ஊர் உண்டு. அங்கே அடைக்கப்பட்ட ‘கொலம்போ’ மசாலாப் பொடி, பாரிசில் குடியிருக்கும் காரைக்கால் உறவினர் ஒருவர் வழியாக எங்கள் வீட்டுக்கு வந்தது. நூறு கிராம் புட்டியின் விலை நான்கு யூரோ என்றார். அதே பணத்துக்குக் கீழமாசி வீதியில் மல்லியும் சீரகமும் மிளகும் வாங்கி மில்லில் கொடுத்து அரைத்தால் ஒரு மாதச் சமையலுக்குத் தாராளமாக வரும் என்பதால், விலையை மட்டும் பார்த்தால் இதை வாங்க வேண்டிய அவசியம் மதுரைக்காரர் யாருக்கும் இல்லை. ஆனால் நம் பக்கத்து மக்கள் கூலிகளாகக் கப்பலேறிப் போய்ச் சேர்ந்த ஊரில் குழம்பு என்னவாயிற்று என்று தெரிந்துகொள்ள விரும்புவோருக்கு இதைவிட நேரான வழி இருப்பதாகத் தெரியவில்லை.

புட்டியின் மீதுள்ள பட்டியலில் மல்லி, மஞ்சள், சீரகம், கடுகு, வெந்தயம், மிளகு, வறுத்த அரிசி ஆகியவை மட்டுமே உள்ளன. மிளகாய் இல்லை, சோம்பு, பட்டை, கசகசா எதற்கும் இடமில்லை. மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறுவது மல்லி வாசனையன்று, வறுத்த வெந்தயமும் கடுகும் கலந்த ஒரு நெடி. விரல்களுக்கிடையே தேய்த்தால் மற்றவையெல்லாம் மாவாக வழுக்க, அரிசி மட்டும் ரவைப் பதத்தில் நெருடுகிறது. அது அரைப்பதில் நேர்ந்த குறையன்று. கொதிக்கும்போது அந்தக் குருணை வெந்து கரைந்துதான் குழம்பைக் கெட்டியாக்குகிறது. தேங்காய் அரைத்து ஊற்றாத குறையை அது ஓரளவு ஈடுசெய்துவிடுகிறது.

அவ்வூர் முறைப்படி, நெல்பேட்டையில் வாங்கிய வெள்ளாட்டுக் கறியை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்து, பூண்டையும் வெங்காயத் தாளையும் தைம் என்னும் வாசனைத் தழையையும் எண்ணெயில் வதக்கி, பொடி சேர்த்துத் தண்ணீர் ஊற்றி வேகவிட்டோம். அங்கே காரத்துக்குப் பச்சைக் குடைமிளகாய் போன்ற வடிவத்தில் சிறிதாக இருக்கும் ஒரு மிளகாயை உடையாமல் முழுதாக மிதக்கவிட்டு, போதுமென்றதும் எடுத்துவிடுவார்கள். நாங்கள் ராமநாதபுரம் குண்டு வற்றலைப் போட்டோம். கறி மிருதுவாக வந்தது. நிறம் பளிச்சென்ற மஞ்சள். ஆயினும் சுக்காவும் காரக் குழம்பும் பழகிய எங்கள் வீட்டில் அதைப் பத்தியக் குழம்பு என்று ஒதுக்கியவர்களே அதிகம். கத்தரிக்காயும் மாங்காயும் போட்டு வைத்தது வேறு கதை. வெந்தயமும் கடுகும் அவற்றோடு நன்றாகச் சேர்ந்து, சட்டி காலியாயிற்று. பொடியை எண்ணெயில் சற்று அதிகம் வறுத்தாலும் கசப்பேறிவிடுகிறது. இந்த எச்சரிக்கை புட்டியில் எங்குமே இல்லை என்பதைக் குறையாகத்தான் சொல்ல வேண்டும்.

இன்னொரு குறையும் உண்டு. ‘குவாதலூப்பில் தயாரானது’ என்று முன்பக்கத்தில் பெரிதாக அச்சிட்டிருக்கிறார்கள். பின்பக்கத்தில், பொடி எழுத்தில், மசாலாக்கள் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தவை என்றிருக்கிறது. குவாதலூப் பிரான்சின் பகுதியாதலால் அந்த ஒன்றியத்துக்குள் அடங்கும். ஆகவே புட்டிக்குள் இருக்கும் மசாலா எதுவும் அந்த மண்ணில் விளைந்ததன்று என்றாகிறது. இதை ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். விளைவதை வெளியே ஏற்றுவதும் உண்பதை வெளியிலிருந்து இறக்குவதுமாகவே அந்த ஊரின் பொருளாதாரம் மூன்றரை நூற்றாண்டாக நடந்துவருகிறது. பொடியும் அதற்கு விலக்கன்று.

சுஃப்ரியேர் எரிமலையின் கிழக்குச் சரிவில், மழைக்குப் பஞ்சமில்லாத நிலத்தில் அமைந்த ஊர் அது. 1493 நவம்பர் 4 அன்று கொலம்பஸ் கரையிறங்கிய சேந்த்-மரி அதன் எல்லைக்குள்தான் இருக்கிறது. 1635இல் பிரெஞ்சுக்காரர்கள் தீவைப் பிடித்தபின், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் உழைப்பில் கரும்புத் தோட்டங்கள் பெருகின. 1848இல் அடிமைமுறை ஒழிந்ததும் தோட்ட முதலாளிகள் வேறு ஆள் தேடினார்கள். 1854 டிசம்பர் 24 அன்று ‘ஒரேலி’ என்ற கப்பல் முதல் இந்தியக் கூலிகளை அத்தீவில் இறக்கியது. 1889 வரை வந்தவர்கள் ஏறத்தாழ 42,000 பேர். தொடக்கத்தில் புதுச்சேரியும் காரைக்காலுமே அவர்கள் ஏறிய துறைகள். 1861இல் பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட உடன்பாட்டுக்குப் பின் பிரிட்டிஷ் இந்தியாவிலும் ஆள் பிடித்தார்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம் என்று சொல்லி அழைத்துப்போனாலும், ஊர் திரும்பியவர்கள் குறைவு. அங்கேயே தங்கிவிட்டவர்களின் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கேட்டு 1904 முதல் 1923 வரை வழக்காடிய ஆன்ரி சிதம்பரோம், 1863இல் இதே காப்ஸ்தேரில் பிறந்தவர்.

இந்தப் பொடியை மதுரையில் வைத்துப் பேசுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. காப்ஸ்தேரின் ஷாங்கி பகுதியில் உள்ள கோயிலில் மாரியம்மனை வணங்குகிறார்கள். அத்தீவுத் தமிழ் வழித்தோன்றல்களின் வழிபாட்டில் அவளுக்குத் துணையாக நிற்பவர் ‘மால்தேவிலேன்’. அவர் வேறு யாருமல்லர், மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்தருகே நாம் கும்பிடும் மதுரை வீரன்தான். கிடா வெட்டி, அந்தக் கறியைக் கொலம்போவாகச் சமைத்து, வாழையிலையில் பரிமாறுவது அங்கே இன்றும் நடக்கிறது. மொழி மறந்துபோன குடும்பங்களில் பந்தி மட்டும் மாறாதிருப்பதைப் பார்க்கும்போது, பத்தியக் குழம்பு என்று ஒதுக்கியவர்கள் இன்னொரு வாய் சாப்பிட்டிருக்கலாம்.

கரும்பின் காலம் பின்னர் சரிந்தது. அதில் எஞ்சியவற்றுள் பெயர்பெற்றது, 1895இல் தொடங்கிய லோங்குத்தோ ரம் வடிசாலை. சொந்தக் கரும்பின் சாற்றைக்கொண்டே இன்றும் காய்ச்சுகிறது. 1928 செப்டம்பரில் வீசிய பெரும்புயல் காப்பியையும் கொக்கோவையும் அழித்தபின், சீக்கிரம் பலன் தரும் பயிராக வாழை அந்தச் சரிவுகளைப் பிடித்துக்கொண்டது. தேனிப் பக்கம் ஜி-9 என்று பயிரிடும் அதே கேவண்டிஷ் இனம்தான் அங்கும் விளைந்து பிரான்சுக்குப் போகிறது. கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டை ஒழிக்க 1972 முதல் 1993 வரை தெளித்த குளோர்டெகோன் என்ற நஞ்சு, நிலத்திலும் ஆற்றிலும் ஊறி, இன்றும் கிழங்குப் பயிர்களையும் மீனையும் கெடுத்துக்கொண்டிருக்கிறது. பிரான்சு 1990இல் அதைத் தடைசெய்தும், இத்தீவுகளின் வாழைக்கு மட்டும் விலக்களித்ததுதான் கொடுமை. 2017இல் மரியா புயல் தோட்டங்களை ஏறக்குறைய முற்றிலும் சாய்த்தது. ஒரே பயிரை நம்பிய ஊருக்கு இந்த அடி புதிதன்று. கம்பம் பள்ளத்தாக்கில் சூறைக்காற்றில் வாழையைப் பறிகொடுத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மசாலா வெளியிலிருந்து வருவதால், புட்டியைப் பொறுத்தவரை அந்த நஞ்சைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

பிரான்சிலிருந்து வருபவர்கள் இருந்தால் ஒரு புட்டி வாங்கிவரச் சொல்லலாம். இரண்டாவதற்குச் செலவழிக்க வேண்டாம். மல்லி நான்கு பங்கு, மஞ்சளும் சீரகமும் ஒவ்வொரு பங்கு, கடுகு, வெந்தயம், மிளகு அரையரைப் பங்கு, சிவக்க வறுத்த புழுங்கலரிசி ஒரு பங்கு என்று எடுத்து, அரிசியை மட்டும் தனியே ரவைப் பதத்தில் அரைத்துக் கலந்தால் ஏறத்தாழ அதே சுவை வீட்டிலேயே வந்துவிடுகிறது. கத்தரிக்காய், மாங்காய், மீன் ஆகியவற்றுக்கு அது போதும். ஆட்டுக்கறிக்குப் பயன்படுத்துவதானால், மதுரை நாக்குக்கு வற்றலைக் கிள்ளிப் போட்டே ஆக வேண்டும்.