டிபி-லிங்க் 841: பாஸ்வேர்டு மறந்தால் மீட்பது எளிது, பூட்டி வைப்பதுதான் பெரும்பாடு

இரண்டு ஆன்டெனாவோடு அலமாரி மேல் உட்கார்ந்திருக்கும் அந்த வெள்ளை வைஃபை ரவுட்டர் பெட்டியைப் பல வீடுகளில் பார்க்கலாம். முழுப்பெயர் டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஆர்841என். ஆயிரம் ரூபாயை ஒட்டிய விலை. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான். பெட்டியில் 300 எம்பிபிஎஸ் என்று போட்டிருந்தாலும் கேபிள் துளைகளின் வேகம் நூறைத் தாண்டாது. 50 எம்பிபிஎஸ் பிளான் வைத்திருக்கும் சின்ன வீட்டுக்கு அது போதும். இந்த மதிப்பீடு வேகத்தைப் பற்றியதல்ல. அட்மின் பாஸ்வேர்டு மறந்துபோனால் இந்தப் பெட்டி எப்படி நடந்துகொள்கிறது, திரும்பப் பிடித்தபின் எவ்வளவு நன்றாகப் பூட்ட முடிகிறது என்பதைப் பற்றியது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். போனில் நெட் வர நாம் போடுவது வைஃபை பாஸ்வேர்டு. அட்மின் பாஸ்வேர்டு வேறு. ரவுட்டரின் செட்டிங் பக்கத்தைத் திறப்பது அதுதான். வைஃபை பாஸ்வேர்டை வாரம் ஒருமுறை மாற்றிவிட்டு, அட்மினை வந்தபடியே விட்டுவைப்பவர்கள் நிறைய. கதவுக்குத் தினமும் புதுப் பூட்டு மாட்டி, எல்லாச் சாவியையும் வாசல் படியில் வைப்பதற்குச் சமம் அது.

மறந்துவிட்டால் உடனே ரீசெட் பட்டனைத் தேடாதீர்கள். இரண்டு மூன்று இடங்களில் பார்த்துவிட்டு அதற்குப் போகலாம். முன்பு எந்தக் கம்ப்யூட்டரில் செட்டிங் பக்கத்தைத் திறந்தீர்களோ, அதன் பிரௌசரில் சேமித்த பாஸ்வேர்டுகளில் ரவுட்டரின் முகவரியான 192.168.0.1 என்று தேடுங்கள். பலருக்கு அங்கேயே கிடைத்துவிடும். இணைப்பு கொடுக்க வந்தவர் செட் செய்திருந்தால் அவருக்கு ஒரு போன் போடுங்கள். பழைய பச்சை நிற மெனு கொண்ட பதிப்புகளில் இன்னொரு வழியும் உண்டு. எப்போதாவது பேக்கப் எடுத்த கான்ஃபிக் கோப்பு, அதாவது ரவுட்டரின் செட்டிங்குகள் எல்லாம் அடங்கிய கோப்பு, கையில் இருந்தால், நிர்சாஃப்ட்டின் ரவுட்டர்பாஸ்வியூ என்ற இலவச விண்டோஸ் மென்பொருளில் அதைத் திறந்து பாருங்கள். அந்தக் கோப்பைப் பூட்டியிருப்பது டிஇஎஸ் என்ற பழைய முறை, அதற்கான சாவியும் எப்போதோ வெளியே தெரிந்துவிட்டது. அதனால் பாஸ்வேர்டு எழுத்தெழுத்தாகக் கிடைக்க வாய்ப்புண்டு. உங்களுக்குக் கிடைப்பது அந்தக் கோப்பு கையில் சிக்கிய எவருக்கும் கிடைக்கும். ஆகவே அதை வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பக்கூடாது. அட்மின், அட்மின் என்று வாய்க்கு வந்ததைப் போட்டுப் பார்ப்பதிலும் நிதானம் வேண்டும். பல பதிப்புகளில் பத்து முறை தவறினால் இரண்டு மணி நேரம் கதவை மூடிக்கொள்ளும்.

ரீசெட் தவிர வழியில்லை என்றால், முதலில் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ரவுட்டர் இணைப்பு நிறுவனத்திடம் தன்னை அடையாளம் காட்டப் பயன்படுத்தும் பிபிபிஓஇ யூசர் நேம், பாஸ்வேர்டு இரண்டையும் இணைப்பு தருபவரிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். ரீசெட் ஆனதும் இவை அழிந்துவிடும், நெட் நின்றுவிடும். அதோடு பலரும் கேட்க மறக்கும் ஒரு கேள்வி: “உங்கள் பக்கம் எந்த மேக் எண் பதிவாகியிருக்கிறது?” மேக் எண் என்பது நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவியையும் அடையாளம் காட்டும் எண். சில ஆபரேட்டர்கள் ஒரே ஒரு மேக் எண்ணுக்குத்தான் இணைப்பு விடுவார்கள். முதலில் லேப்டாப்பில் நெட் ஓடி, பிறகு ரவுட்டர் வந்திருந்தால், லேப்டாப்பின் எண்ணையே ரவுட்டரில் மேக் குளோன் பகுதியில் நகலெடுத்து வைத்திருப்பார்கள். ரீசெட் அந்த நகலையும் துடைத்துவிடும். யூசர் நேம் சரி, பாஸ்வேர்டு சரி, ஆனாலும் நெட் வராது. அரை நாள் அதிலேயே போய்விடும். ஆபரேட்டர் சொல்லும் எண்ணும் பெட்டியின் அடியில் ஸ்டிக்கரில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று ஒப்பிட்டால் தெரிந்துவிடும். வேறாக இருந்தால், ரீசெட்டுக்குப் பின் நெட்வொர்க் மெனுவில் மேக் குளோன் பக்கத்தில் அவர் சொன்ன எண்ணைப் போடுங்கள், அல்லது ஸ்டிக்கர் எண்ணைப் பதிந்துகொள்ளச் சொல்லுங்கள்.

ரீசெட் பட்டனைத்தான் இந்த மாடலில் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். பின்பக்கம் டபிள்யூபிஎஸ், ரீசெட் என்று இரண்டு பெயரும் ஒரே பட்டனுக்கு எழுதியிருக்கும். ஐந்து விநாடிக்குள் விட்டால் அது டபிள்யூபிஎஸ் வேலையை, அதாவது பாஸ்வேர்டு அடிக்காமலே ஒரு கருவியை வைஃபையில் சேர்க்கும் வேலையைத் தொடங்கும், எதுவும் அழியாது. “ரீசெட் பண்ணியும் பழைய பாஸ்வேர்டையே கேட்கிறது” என்ற புகார் இப்படித்தான் வருகிறது. கரண்ட் ஓடும்போதே, விடாமல் எட்டு முதல் பத்து விநாடி அழுத்துங்கள். பழைய பதிப்பில் சிஸ்டம் விளக்கு படபடவென்று மினுங்கும். புதியதில் எல்லா விளக்கும் ஒருமுறை சேர்ந்து எரிந்து அணையும். அதைப் பார்த்தபின் விரலை எடுத்துவிட்டு இரண்டு நிமிடம் பெட்டியைத் தொடாதீர்கள்.

பட்டனை அழுத்தும் முன்பே நீலத் துளையில் இருக்கும் இன்டர்நெட் கேபிளைப் பிடுங்கிவிடுவது நல்லது. ரீசெட் ஆன பெட்டிக்குக் காவல் கிடையாது. மிகப் பழைய பதிப்புகளில் வைஃபைகூடப் பாஸ்வேர்டே இல்லாமல் திறந்து வரும். மஞ்சள் துளை ஒன்றிலிருந்து லேப்டாப்புக்கு கேபிள் போட்டு, பிரௌசரின் மேல் கட்டத்தில் 192.168.0.1 என்று அடியுங்கள். போனில் செய்வதானால் மொபைல் டேட்டாவை நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் போன் அந்த வழியாக வெளியே போய்த் தேடும். பழைய ஸ்டிக்கரில் டிபிலிங்க்லாகின் டாட் நெட் என்று ஒரு முகவரி அச்சிட்டிருக்கும். அதை அடிக்கவே வேண்டாம். நிறுவனம் அந்தப் பெயரைப் புதுப்பிக்கத் தவறி, அது கைவிட்டுப் போன விஷயம் 2016ல் வெளியே வந்தது. ரவுட்டரோடு இணையாத நிலையில் அதை அடித்தால், நீங்கள் கதவைத் தட்டுவது யாரோ ஒருவர் வீட்டில். எண்ணால் போவதே பத்திரம்.

பழைய பதிப்பில் யூசர் நேம், பாஸ்வேர்டு இரண்டுமே சிறிய ஆங்கில எழுத்தில் அட்மின். பதிப்பு 14 போன்ற புதியவை உள்ளே நுழைந்ததும் புதிதாக ஒன்றை உருவாக்கச் சொல்லும்; இது நல்ல மாற்றம். பழையதில் நீங்களேதான் சிஸ்டம் டூல்ஸ் மெனுவில் பாஸ்வேர்டு பக்கத்துக்குப் போய் மாற்ற வேண்டும். யூசர் நேமையும் சேர்த்து மாற்றுங்கள். இங்கேதான் முதல் குறை: பதிப்பைப் பொறுத்து 14 அல்லது 15 எழுத்துக்கு மேல் ஏற்காது, இடைவெளியும் கூடாது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு சொற்களும் நடுவே நான்கு எண்களும் இந்த அளவுக்குள் அடங்கும். போன் நம்பரும் பிறந்த தேதியும் வேண்டாம். வைஃபை பாஸ்வேர்டுக்கு 63 எழுத்து வரை இடம் உண்டு, அங்கே தாராளமாக நீட்டலாம். ஸ்டிக்கரில் இருக்கும் வைஃபை பாஸ்வேர்டு வெறும் எட்டு இலக்க எண். ஒரு சாதாரண கிராபிக்ஸ் கார்டு அதைச் சீக்கிரமே உடைத்துவிடும். அதுவே டபிள்யூபிஎஸ் பின் எண்ணும்கூட. இந்த முறையில் எட்டு இலக்கத்தையும் மொத்தமாகச் சோதிக்காமல் முதல் நான்கைத் தனியாக, அடுத்த மூன்றைத் தனியாக ரவுட்டர் சோதிக்கிறது. எட்டாவது வெறும் சரிபார்ப்பு இலக்கம். ஆக, அதிகபட்சம் 11,000 முயற்சிகளில் பின் எண் கிடைத்துவிடும். டபிள்யூபிஎஸ் பக்கத்துக்குப் போய் அதை அணைத்துவிடுங்கள்.

வயர்லெஸ் செக்யூரிட்டியில் டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பாதுகாப்பு முறையையும், அதற்குள் ஏஇஎஸ் என்ற மறையாக்கத்தையும் தேர்ந்தெடுங்கள். டிகேஐபி என்ற பழைய மறையாக்கத்தைப் போட்டால் பாதுகாப்பு மட்டுமல்ல, வேகமும் 54 எம்பிபிஎஸுக்கு இறங்கிவிடும். செக்யூரிட்டி மெனுவில், வெளியிலிருந்து ரவுட்டரை இயக்க விடும் ரிமோட் மேனேஜ்மென்ட் பக்கத்தில் 0.0.0.0 இருக்க வேண்டும். 255.255.255.255 என்று இருந்தால் ஊரே உங்கள் செட்டிங் பக்கத்தைத் திறக்கலாம் என்று பொருள். வீட்டுக் கருவிகளுக்கு முகவரி வழங்கும் டிஹெச்சிபி பக்கத்தில், இணையதளப் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் கட்டங்களையும் பாருங்கள். நீங்களோ இணைப்பு கொடுத்தவரோ போடாத வெளி எண் அங்கே இருந்தால் யாரோ கை வைத்திருக்கலாம். வங்கிப் பக்கம் என்று நினைத்துப் போலிப் பக்கத்துக்குப் போவது இந்தக் கட்டத்தின் வழியாகவும் நடக்கும். லோக்கல் மேனேஜ்மென்ட்டில் குறிப்பிட்ட கம்ப்யூட்டர்களுக்கு மட்டும் அனுமதி தரலாம். அது நல்ல வசதிதான், ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் பழுதானால் மறுபடியும் ரீசெட்.

இத்தனை செய்தும் இந்தப் பெட்டியில் அடைக்க முடியாத ஓட்டைகள் இருக்கின்றன. செட்டிங் பக்கம் வெறும் ஹெச்டிடிபியில்தான் திறக்கிறது, அதாவது நீங்கள் அடிக்கும் பாஸ்வேர்டுக்கு வழியில் முழுமையான மறைப்பு இல்லை. அதனால்தான் கேபிள் போட்டு நுழைவது, வேறு டேப் எதையும் திறக்காமல் வேலையை முடித்து லாக்அவுட் செய்வது. இதைவிடப் பெரியது, பாஸ்வேர்டே தெரியாமல் உள்ளிருக்கும் பாஸ்வேர்டைப் படிக்கவிடும் குறை. பாதுகாப்புக் குறைகளுக்கான சிவிஇ என்ற பொதுப் பட்டியலில் சிவிஇ-2023-50224 என்று பதிவான அது இந்த மாடலின் பெயரிலேயே இருக்கிறது. உண்மையான தாக்குதல்களில் பயன்படும் குறைகளுக்கு அமெரிக்க அரசின் சிசா அமைப்பு வைத்திருக்கும் பட்டியலில் 2025 செப்டம்பரில் அது சேர்க்கப்பட்டது. எவ்வளவு நல்ல பாஸ்வேர்டு வைத்தாலும் இதற்கு முன்னால் பயனில்லை, ரவுட்டரை இயக்கும் உள் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பித்தாக வேண்டும். ஸ்டிக்கரில் இருக்கும் பதிப்பு எண்ணைப் பார்த்து, இந்தியாவுக்கான அதே எண்ணின் கோப்பை மட்டும் டிபி-லிங்க் தளத்திலிருந்து எடுங்கள். 13க்கு உரியதை 14ல் ஏற்றினால் பெட்டி செத்துப்போகலாம். வைஃபையில் ஏற்றாதீர்கள், கரண்ட் போகும் நேரத்தில் தொடங்காதீர்கள். யுபிஎஸ் இருந்தால் அதில் மாட்டிக்கொள்ளுங்கள்.

உங்கள் பதிப்புக்குப் பல ஆண்டுகளாகப் புதிய கோப்பே வரவில்லை என்றால், அதை இன்டர்நெட் வாசலில் நிறுத்துவது சரியல்ல. தூக்கி எறியவும் வேண்டாம். ஃபைபர் பெட்டிக்குப் பின்னால் இரண்டாவது வைஃபையாக வைக்கலாம்: முகவரியை 192.168.1.2 என்பதுபோல் ஃபைபர் பெட்டியோடு மோதாத ஒன்றாக மாற்றி, டிஹெச்சிபியை அணைத்து, கேபிளை நீலத்தில் மாட்டாமல் மஞ்சளில் மாட்ட வேண்டும். அந்த வேலைக்கு இது இன்றும் நம்பகமான பெட்டி. புதிதாக வாங்குபவர்களுக்கு நாங்கள் இதைச் சொல்லமாட்டோம். இன்னும் கொஞ்சம் போட்டு, டபிள்யூபிஏ2வுக்கு அடுத்த பாதுகாப்பு முறையான டபிள்யூபிஏ3யும் தானியங்கி ஃபர்ம்வேர் புதுப்பிப்பும் உள்ள ஒன்றை வாங்குவதே மேல்.

மேலே சொன்ன ரீசெட் முறையை இணைப்பு நிறுவனம் கொடுத்த ஃபைபர் பெட்டியில் முயலக்கூடாது. அதில் இணைப்புக்குத் தேவையான விஎல்ஏஎன் எண் போன்ற செட்டிங்குகள் அவர்கள் ஏற்றி வைத்தவை. அழிந்தால் அவர்கள் ஆள் வரும்வரை நெட் கிடையாது. 841ஐ யாருக்காவது கொடுப்பதாக இருந்தாலும் பழைய கடையில் போடுவதாக இருந்தாலும் அதே பட்டனைப் பத்து விநாடி அழுத்திவிட்டுக் கொடுங்கள், உங்கள் பிபிபிஓஇ பாஸ்வேர்டு அதற்குள்தான் இருக்கிறது.