சோர்ந்த குஞ்சுக்கு எது நல்லது: தாய்க்கோழியா, பல்பா, சுடுநீர் போத்தலா?

மலேசியாவின் பினாங்கில், புக்கிட் மெர்தாஜம் பக்கம் கம்போங் கோழி (நாட்டுக்கோழி) வளர்ப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "பினாங்கு வெயிலுக்குக் குஞ்சுக்குத் தனியாக எதுக்குச் சூடு?" நமக்குப் புழுங்கும் 30 டிகிரி, ஈரம் காயாத குஞ்சுக்குக் குளிர். முதல் வாரம் அதற்கு 32 முதல் 35 டிகிரி வரை வேண்டும். தலை தொங்கிக் கிடக்கும் குஞ்சுக்கு அந்தச் சூடுதான் முதல் மருந்து.

தாய்க்கோழியின் உடம்புச் சூடு ஏறக்குறைய 41 டிகிரி. கரண்டும் வேண்டாம், காவலும் வேண்டாம். நன்றாக நிற்கும் குஞ்சுக்கு இதைவிட நல்லது கிடையாது. ஆனால் 21 நாள் அடைகாத்த கோழி, முதலில் பொரித்தவை ஓடத் தொடங்கியதும் ஓரிரு நாளில் அவற்றோடு இறங்கிவிடும். பின்தங்கியது கூட்டிலேயே குளிர்ந்து போகும். சில கோழிகள் நோஞ்சானைக் கொத்தவும் செய்யும். மிதிபட்ட ஒரு குஞ்சைக் காலையில் எடுத்தபின், எழ முடியாததை நான் தாயிடம் விடுவதில்லை.

அதனால் என் முதல் தேர்வு பல்புதான். பழைய இழை பல்பாக, 40 வாட் இருக்கட்டும். எல்இடி பல்பு போதிய சூடு தராது. அட்டைப்பெட்டியின் ஒரு மூலைக்கு மேல், அட்டையில் படாதபடி இறுக்கிக் கட்ட வேண்டும். மறுமூலை குளிர்ச்சியாக இருக்கட்டும், சூடு தாங்காத குஞ்சு அங்கே ஒதுங்கும். நகர முடியாததை நாம்தான் பார்த்து நகர்த்த வேண்டும். வெப்பமானியைக் குஞ்சின் முதுகு உயரத்தில் வையுங்கள். விடாமல் கீச்சிட்டால் குளிர்கிறது. வாயைத் திறந்து இளைத்தால் சூடு அதிகம். மேலே காத்தாடி ஓடக் கூடாது. தரையில் நாளிதழ் விரித்தால் வழுக்கிக் கால் அகண்டுவிடும், பழைய துணி போடுங்கள்.

சுடுநீர் போத்தலைத் துணியில் சுற்றி அருகில் வைப்பது, இடிமழையில் கரண்ட் போகும் இரவுக்கு. சீக்கிரம் ஆறிவிடும், திரும்பத் திரும்ப மாற்ற வேண்டும். இரவு முழுக்க அதை நம்ப முடியாது.

சரி, தீனி? அவசரமே இல்லை. பொரிக்கும் முன் வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு இரண்டு நாளாவது தாங்கும். உடம்பு சூடான பிறகு, வெதுவெதுப்பான தண்ணீரில் அலகு நுனியை மட்டும் நனையுங்கள், தானே விழுங்கும். சொட்டு மருந்து மாதிரி தொண்டையில் விட்டால் நுரையீரலுக்குள் போய்விடும். காப்பாற்ற நினைத்தவர்களே இதில் குஞ்சைப் பறிகொடுக்கிறார்கள்.

எழுந்து நின்று தானாகக் கொத்தித் தின்னத் தொடங்கியதும், இருட்டிய பிறகு தாயின் இறக்கைக்கடியில் மெல்லத் தள்ளிவிடுங்கள். பகலில் விட்டால் தாய் விரட்டலாம். விடிந்ததும் போய்ப் பாருங்கள். கொத்தினால் மறுபடியும் பல்புப் பெட்டிக்குத்தான்.