ஷீட்டா, தனித்தனி ஆப்பா, ஒரே ஈஆர்பியா? வளரும் அலுவலகத்துக்கு எது தோது

ஐந்து பேர் வேலை செய்யும் இடத்தில் நிர்வாக முறை என்று தனியாக எதுவும் வேண்டியதில்லை. யார் லீவு, எந்த பில் பாக்கி என்பதெல்லாம் தலையைத் திருப்பிக் கேட்டால் தெரிந்துவிடும். ஐந்து பேருக்குள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளும் ஜோடிகள் 10தான். பதினைந்து பேர் ஆகிவிட்டால் அது 105. ஆள் மூன்று மடங்கு கூடும்போது பேச்சு பத்து மடங்குக்கு மேல் கூடுகிறது. "நான் அன்னைக்கே சொன்னேனே" என்ற வசனம் அடிக்கடி காதில் விழ ஆரம்பித்தால் இந்தக் கட்டம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அப்போது முன்னால் மூன்று வழிகள் நிற்கும். இருக்கிற எக்செல், கூகுள் ஷீட்ஸ் கோப்புகளையே ஒழுங்குபடுத்தித் தொடரலாம். கணக்கு, சம்பளம், விடுப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆப்புக்குச் சந்தா கட்டலாம். அல்லது எல்லாவற்றையும் ஒரே ஈஆர்பி மென்பொருளுக்குள், அதாவது கணக்கு, கொள்முதல், கிடங்கு, சம்பளம் எல்லாம் ஒன்றோடொன்று இணைந்த ஒரே அமைப்புக்குள், கொண்டுபோகலாம். வசதிகளின் பட்டியலை வைத்து ஒப்பிட்டால் எப்போதும் ஈஆர்பிதான் ஜெயிக்கும். விற்க வருபவர்கள் அந்தப் பட்டியலைத்தான் நீட்டுவார்கள். அதைவிட, அலுவலகத்தில் நடக்கும் ஒரே ஒரு வேலையை எடுத்து மூன்றிலும் ஓட்டிப் பார்ப்பது உருப்படியான சோதனை. ஒருவருக்கு லேப்டாப் வாங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அவர் கேட்க வேண்டும், மேலாளர் ஒப்புதல் தர வேண்டும், ஆர்டர் போக வேண்டும், பொருளும் பில்லும் வர வேண்டும், பணம் போக வேண்டும்.

ஷீட்டில் இது ஒரு வரி. ஒப்புதல் யாரோ ஒருவரின் வாட்ஸ்அப்பில் இருக்கும், பில் இன்னொருவரின் மெயிலில் இருக்கும். ஆனாலும் ஷீட்டை இளக்காரமாகப் பார்க்கக் கூடாது. "வாரன்டி முடியும் தேதி" என்று ஒரு நெடுவரிசை வேண்டுமா, அந்த நிமிடமே சேர்த்துவிடலாம்; யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், புதிதாக வந்தவருக்குப் பயிற்சியும் அதிகம் வேண்டாம். வேலை செய்யும் விதமே மாதத்துக்கு ஒரு முறை மாறும் நிறுவனத்துக்கு இந்த நெகிழ்வு பெரிய வரம்.

சிக்கல், ஷீட் தப்பு நடந்தால் சத்தம் போடாது என்பதுதான். 2020 செப்டம்பர் இறுதியில் இங்கிலாந்தின் பொது சுகாதார அமைப்பில் 15,841 கோவிட் தொற்றாளர்களின் விவரம் அன்றாடக் கணக்கில் சேராமல் போனது. காரணம், தரவை ஏற்றப் பயன்படுத்திய பழைய எக்ஸ்எல்எஸ் கோப்பு வடிவம். அதில் 65,536 வரிகள்தான் கொள்ளும் (இப்போதைய எக்செலில் 10,48,576). மீதி வரிகள் ஓசையில்லாமல் விடுபட்டன. நம் அலுவலகத்தில் அவ்வளவு வரிகள் வராது, சரி. ஆனால் தொலைபேசி எண்ணின் முதல் பூஜ்யம் காணாமல் போவதும், தேதியில் நாளும் மாதமும் இடம் மாறுவதும் இதே ஜாதித் தப்புகள். மனித மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் குழு, எக்செல் தேதியாக மாற்றிவிடுகிறது என்பதற்காகவே மார்ச்1 என்ற மரபணுவின் பெயரை மார்ச்எஃப்1 என்று மாற்ற வேண்டியிருந்தது. மென்பொருளைத் திருத்துவதைவிட அறிவியலைத் திருத்துவது சுலபமாக இருந்திருக்கிறது!

தனித்தனி ஆப் என்றால், அந்த லேப்டாப்பின் பில்லும் பணமும் கணக்கு ஆப்பில் ஒழுங்காகப் பதிவாகும். ஒப்புதலுக்கு ஒரு ஆப், பொருள் யார் கையில் இருக்கிறது என்பதற்கு இன்னொன்று. ஒவ்வொன்றும் தன் வேலையை நன்றாகவே செய்யும், தொல்லை இடைவெளியில்தான். ஒரே ஊழியரின் பெயர் நான்கு இடத்தில் நான்கு விதமாக இருக்கும். அவர் வேலையை விட்டுப் போகும்போது எத்தனை லாகின்களை மூட வேண்டும் என்று யாருக்கும் தெரியாது. வாங்கும் முன் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி: என் டேட்டா முழுவதையும் நானே சிஎஸ்வி கோப்பாக (ஷீட்டிலும் மற்ற மென்பொருளிலும் திறக்கக்கூடிய எளிய அட்டவணைக் கோப்பு) இறக்கிக்கொள்ள முடியுமா? மழுப்பலாகப் பதில் வந்தால் அடுத்த கடையைப் பார்க்கலாம்.

கணக்குக்கும் சம்பளத்துக்கும் மட்டும் நான் தயங்காமல் ஆப்தான் சொல்வேன். இவை இரண்டிலும் விதிகளை வைப்பது அரசாங்கம். விதி மாறும்போது ஃபார்முலாவைத் திருத்தும் பொறுப்பு மென்பொருள்காரருடையதாக இருப்பதே நல்லது.

ஈஆர்பியின் உண்மையான பலம் நம் சோதனையில் பளிச்சென்று தெரியும். ஆர்டர், வந்த பொருளின் ரசீது, விற்றவரின் பில் மூன்றும் ஒத்துப்போகிறதா என்று அதுவே பார்க்கும். ஒத்துப்போகாவிட்டால் பணம் போகாமல் நிறுத்தும். புது விற்பனையாளரைப் பதிவு செய்பவரே அவருக்குப் பணமும் அனுப்ப முடியாதபடி பூட்டலாம். ஷீட்டில் இதை நேர்மையை நம்பித்தான் ஓட்ட வேண்டும்.

ஆனால் ஈஆர்பிக்கென்று ஒரு வேலை முறை உண்டு. நாம் அதற்கு மாற வேண்டும், இல்லையென்றால் அதை நமக்காக மாற்றக் காசு செலவழிக்க வேண்டும். ஜெர்மனியின் லிடில் சூப்பர்மார்க்கெட் நிறுவனம் எஸ்ஏபி என்ற ஈஆர்பி மென்பொருளை அடிப்படையாக வைத்து 2011இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. இருப்பை வாங்கிய விலையில் மதிப்பிடுவது லிடிலின் பழக்கம். மென்பொருளின் வழக்கமோ விற்பனை விலை. பழக்கத்தை விட மனமில்லாமல் மென்பொருளை வளைத்துக்கொண்டே போனார்கள். 2018இல் திட்டம் கைவிடப்பட்டபோது செலவு சுமார் 50 கோடி யூரோ என்று செய்திகள் வந்தன. ஓடூ, ஈஆர்பிநெக்ஸ்ட் போன்ற ஈஆர்பிகளில் இலவசப் பதிப்பு இருக்கிறதே என்றால், இலவசம் உரிமத்துக்குத்தான்; நிறுவவும் பராமரிக்கவும் ஆள் வேண்டும். சின்ன நிறுவனங்களில் இன்னொன்றும் நடக்கும். ஈஆர்பி வந்த பிறகும் "ஒரு சேஃப்டிக்கு" பழைய ஷீட் பக்கத்திலேயே ஓடும். அப்புறம் எது உண்மைக் கணக்கு என்பதே தகராறு.

ஆக, சரக்கு இருப்பு என்று எதுவும் இல்லாத சேவை நிறுவனத்துக்கு ஷீட்டோடு கணக்கு, சம்பள ஆப்கள் இரண்டும் போதும். ஈஆர்பி வாங்காமலே வெகுதூரம் போய்விடலாம். ஒரு விற்பனை ஆர்டர் கொள்முதலையும் கிடங்கையும் ஒரே நேரத்தில் அசைக்கிறது, கிடங்கும் ஒன்றுக்கு மேல் இருக்கிறது என்றால் ஈஆர்பியைத் தள்ளிப்போடுவதுதான் செலவு. எதை எடுத்தாலும் விற்பனையாளர் பட்டியலுக்கு ஒருவர், ஊழியர் விவரத்துக்கு ஒருவர் என்று பொறுப்பாளரின் பெயரை முதலில் எழுதிவிட வேண்டும். இது முடியாத அலுவலகத்தில் மூன்றுமே தோற்கும்.

மாறும் நேரமும் முக்கியம். கணக்கை நிதியாண்டின் தொடக்கத்தில் மாற்றினால் ஆரம்ப இருப்பை மட்டும் ஏற்றினால் போதும். நடுவில் மாற்றினால் அதுவரை நடந்தவற்றையும் இழுத்துக்கொண்டு வர வேண்டும். சம்பளத்தை ஒரு மாதமாவது பழைய ஷீட்டிலும் புதிய ஆப்பிலும் சேர்த்தே ஓட்டி, வித்தியாசம் வரும் ஒவ்வொரு பெயருக்கும் காரணம் கண்டுபிடியுங்கள். கணக்கு ஒத்துப்போன அன்றே பழைய ஷீட்டைப் படிக்க மட்டும் முடிகிற மாதிரி பூட்டிவிடுங்கள்.