இலவசப் பரிசோதனை என்று வருகிறார்கள், கிளினிக் குளிசையை நிறுத்தச் சொல்லிவிட்டுப் போகிறார்கள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா வடக்குப் பக்கம் அம்மா அப்பாவை விட்டுவிட்டு வெளியூரில் வேலை செய்கிறவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். ‘இலவச உடற்பரிசோதனை முகாம்’ என்ற பெயரில் பொதுநோக்கு மண்டபங்களில் ஒரு வியாபாரம் நடக்கிறது. விற்கிற சாமான் கருஞ்சீரக எண்ணெய் அடைத்த குளிசை. அந்தக் குளிசையை விட, அதோடு சேர்த்து அவர்கள் சொல்லிக்கொடுத்த புத்திமதிதான் எங்கள் வீட்டைக் கெடுத்தது. அம்மாவின் வலது காலில் சிறுவிரல் இப்போது இல்லை.

அம்மா இருப்பது வட்டக்கச்சிப் பக்கம். இரணைமடுத் தண்ணீரில் கொஞ்ச வயல், வீட்டைச் சுற்றித் தென்னை. சீனி வருத்தம் வந்து பத்து வருடத்துக்கு மேல். மாதா மாதம் கிளினிக் போய், கொப்பியில் எழுதுவித்து, மெட்போமினும் கிளிக்லசைட்டும் எடுத்து வந்து ஒழுங்காகப் போட்டுக்கொண்டிருந்தவர். கடைசியாகப் பார்த்த மூன்று மாதச் சீனிச் சராசரி (HbA1c) 7.4 சதவீதம். இந்த வயதுக்கு இது நல்ல கட்டுப்பாடு என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள்.

காலபோக அறுவடை முடிந்து நெல்லுக் காசு கைக்கு வந்த நேரமாகப் பார்த்துத்தான் வந்தார்கள். முதல் நாள் ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ ஊரைச் சுற்றியது. மறுநாள் மண்டபத்தில் கதிரை, விசிறி, தேத்தண்ணி. மாதர் சங்கத்தில் சொல்லி வைத்ததால் கூட்டத்துக்குக் குறைவில்லை. வெள்ளை அங்கி போட்ட ஒருவர் இருந்தார். டொக்டர் என்று யாரும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த அங்கியே போதுமாக இருந்தது.

பரிசோதனை எப்படி நடந்தது என்பதைப் பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். பெயர், வயது, உயரம், நிறை எல்லாம் கேட்டு மடிகணினியில் பதிந்தார்கள். பிறகு கட்டைவிரல் மொத்தத்தில் ஒரு உலோகத் தடியைக் கையில் கொடுத்து, இறுக்கிப் பிடியுங்கோ என்றார்கள். தடியிலிருந்து கணினிக்கு ஒரு வயர். திரையில் பச்சைக் கோடு ஏறி இறங்கி ஓட, ஒரு நிமிடத்தில் ஈரல், சிறுநீரகம், எலும்பு, கண் என்று பக்கம் பக்கமாக அறிக்கை வந்தது. நடுவில் அக்கா தடியை மேசையில் வைத்துவிட்டு முந்தானையால் முகம் துடைத்திருக்கிறார். கோடு அது பாட்டுக்கு ஓடிக்கொண்டேயிருந்ததாம். அக்கா அதைக் கேட்டதற்கு, “அது ஏற்கனவே உங்கட அலையை எடுத்திட்டுது அம்மா” என்று பதில் வந்தது. இரத்தம் ஒரு துளி எடுக்காமல் சீனி எவ்வளவு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் எவ்வளவு என்று சொல்லும் கருவி எதுவும் அந்தத் தடியில் இல்லை. கொடுத்த வயதையும் நிறையையும் வைத்துக் கணினி எழுதும் கதைதான் அந்த அறிக்கை.

அம்மாவின் அறிக்கையில் சிறுநீரகத்துக்கு நேரே சிவப்புக் கோடு. இதுதான் அவர்களுடைய கெட்டித்தனம். வன்னியில் யாரைக் கேட்டாலும் சிறுநீரகம் என்றால் வயிறு கலங்கும். மதவாச்சி, பதவியப் பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக நோய் எத்தனை குடும்பங்களைத் தின்றது என்று எல்லாருக்கும் தெரியும், வவுனியாவிலும் அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். அந்தப் பயத்தில் கை வைத்தார்கள். “கிளினிக்கில தாற குளிசையாலதான் அம்மா கிட்னி பழுதாகுது. அதைக் கொஞ்சம் கொஞ்சமா விடுங்கோ. இது இயற்கை, பக்கவிளைவே இல்லை.”

சரி, இதில் எவ்வளவு உண்மை? மெட்போமின் சிறுநீரகத்தைப் பழுதாக்குவதில்லை. வேறு காரணத்தால் சிறுநீரகம் ஏற்கனவே பழுதாகியிருந்தால் அதன் அளவைக் குறைப்பார்கள், அல்லது நிறுத்துவார்கள். அதற்காகத்தான் கிளினிக்கில் இடையிடையே இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். சிறுநீரகத்தை உண்மையில் அரிப்பது கட்டுப்படாத சீனியும் கட்டுப்படாத பிறசரும். குளிசையை நிறுத்தச் சொல்கிறவர், எதைக் காப்பாற்றுகிறேன் என்கிறாரோ அதையே கெடுக்கிறார்.

ஒரு போத்தல் 6,800 ரூபா, அறுபது குளிசை. மூன்று மாதத்துக்கு மூன்று போத்தல் எடுத்தால்தான் ‘கோர்ஸ்’ முடியுமாம். முற்பணம் போக மிச்சம் தவணை. பற்றுச்சீட்டுக் கிடையாது. ஒரு மஞ்சள் அட்டையில் தொகையை எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று பேரைச் சேர்த்துவிட்டால் ஒரு போத்தல் சும்மா. நுண்கடன்காரரிடம் வாங்கி இதற்குக் கட்டிய பெண்களும் எங்கள் ஒழுங்கையில் இருக்கிறார்கள்.

அம்மா குளிசையை விட்டது எங்கள் ஒருவருக்கும் தெரியாது. கிளினிக் போனார், மருந்தும் எடுத்தார், கொண்டுவந்து அலுமாரியில் வைத்தார். போனில் கேட்டால், “ஓம் ஓம், போடுறன்” என்பார். கருஞ்சீரகக் குளிசையும் மருந்துதானே, அவர் பொய் சொன்னதாகவே நினைக்கவில்லை.

சில கிழமைகளில் அடிக்கடி சிறுநீர், தாகம், உடம்பு மெலிவு. குளிசையை விற்ற பிள்ளைக்குப் போன் எடுத்தால், “அது நஞ்சு வெளியேறுது அம்மா, மருந்து வேலை செய்யுது” என்று பதில். இந்த ஒரு வசனத்தை மட்டும் எல்லாரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தலை சுற்றினாலும் நஞ்சு வெளியேறுகிறது, கடித்தாலும் நஞ்சு வெளியேறுகிறது, வயிற்றால் போனாலும் அதுதான். எதுவுமே பிழையாகப் போக முடியாத மருந்து இது. சுகமானால் மருந்தின் திறம், வருத்தம் கூடினால் உடம்பின் நஞ்சு.

அந்த நேரத்தில்தான் வரம்பில் நடக்கும்போது காலில் விடத்தல் முள் ஏறியது. பல வருடச் சீனி நரம்பை மரக்கச் செய்திருந்ததால் அம்மாவுக்கு நோகவில்லை. செருப்பில் ஈரம் பட்டபோதுதான் குனிந்து பார்த்திருக்கிறார். விரலடி கறுத்து, மணக்கத் தொடங்கியிருந்தது. அப்போதும் அந்தப் பிள்ளை, இரண்டு குளிசையை ஊசியால் குத்தி எண்ணெயைப் புண்ணில் விடச் சொல்லியிருக்கிறது.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று இரத்தத்தில் சீனி 412 mg/dL. காய்ச்சலும் இருந்தது. இன்சுலின் போட்டு, அன்ரிபயோட்டிக் ஏற்றி, இரண்டு தரம் புண்ணை வெட்டித் துப்புரவாக்கி, கடைசியில் சிறுவிரலை எடுத்தார்கள். பாதத்தைக் காப்பாற்றியதற்கு அந்த வாட்டில் இருந்தவர்களுக்கு நன்றி சொல்லாமல் விட முடியாது. என்னென்ன குளிசை போடுறீங்கள் என்று வைத்தியர் கேட்டபோது அம்மா வாய் திறக்கவில்லை. பையில் இருந்த போத்தலைத் தாதி கண்டெடுத்த பிறகுதான் முழுக் கதையும் வந்தது.

கருஞ்சீரகத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. தலைக்கு எண்ணெய் காய்ச்சும்போது அம்மம்மா போடும் சாமான் அது. சித்த மருத்துவத்தில் காலங்காலமாக இருக்கிறது. பெயரில் சீரகம் இருந்தாலும் கறிக்குப் போடும் சீரகத்தின் இனம் அல்ல, அது வேறு குடும்பச் செடி. அதன் எண்ணெயில் பாதிக்கு மேல் லினோலெயிக் அமிலம் என்ற கொழுப்பு, நல்லெண்ணெயிலும் நிறைய இருப்பதுதான். தனித்துவமான பொருள் என்றால் தைமோகுவினோன். ஆராய்ச்சிக்காரர்கள் பின்னால் திரிவது அதற்காக. கருஞ்சீரகம் சீனியையும் பிறசரையும் ஓரளவு குறைக்கலாம் என்று சில சிறிய ஆய்வுகள் காட்டியிருப்பதும் உண்மை.

முகாமில் ஒரு காகிதத்தை ஆட்டிக்காட்டி, “வெளிநாட்டில் நிரூபித்தது” என்றார்களாம். அந்த ஆய்வைத் தேடி வாசித்தேன். 2010இல் சவூதி அரேபியாவில் 94 நீரிழிவுக்காரரை வைத்துச் செய்தது. நாளுக்கு 2 கிராம் எடுத்தவர்களுக்கு மூன்று மாதத்தில் சீனி நன்றாகவே இறங்கியிருக்கிறது. ஆனால் அவர்களுக்குக் கொடுத்தது விதை, எண்ணெய் அல்ல. அதை விடப் பெரிய விஷயம், 94 பேரும் தங்கள் வழமையான நீரிழிவுக் குளிசைகளைப் போட்டுக்கொண்டேதான் கருஞ்சீரகத்தையும் எடுத்தார்கள். மருந்தை நிறுத்தச் சொல்பவன் கையில் வைத்திருந்த காகிதமே மருந்தை நிறுத்தாதவர்களின் கதை!

சரி, நிறுத்தாமல் இரண்டையும் சேர்த்துப் போட்டால் பிழையில்லையா என்று உறவினர் ஒருவர் கேட்டார். அதிலும் கவனம் வேண்டும். கிளிக்லசைட் அல்லது இன்சுலின் எடுக்கிறவர் இதையும் சேர்த்தால் சீனி அளவுக்கு மீறி இறங்கலாம். வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறினால் உடனே சீனித் தண்ணீர் கொடுங்கள். ஆள் மயங்கிவிட்டால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம். பிறசர்க் குளிசையோடு சேர்ந்தால் பிறசர் கூடுதலாக இறங்கலாம். வோபரின், அஸ்பிரின் போன்ற இரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மருந்து எடுப்பவர்களுக்கு இரத்தக் கசிவு கூடும் என்ற பயம் உண்டு. சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால் இரண்டு கிழமைக்கு முன்பே நிறுத்த வேண்டும் என்கிறார்கள். வயிற்றில் பிள்ளை இருக்கிறவர்களுக்கு மருந்தளவில் இது வேண்டவே வேண்டாம். தோலில் நேரே பூசி எரிந்து கொப்பளித்தவர்கள் உண்டு, திறந்த புண்ணில் விடுவது பற்றி நான் சொல்லத் தேவையில்லை. சிறுநீரகம் பலவீனமானவர்கள் வைத்தியரைக் கேட்காமல் தொடக்கூடாது. கருஞ்சீரகக் குளிசைக்குப் பிறகு சிறுநீரகம் திடீரென்று செயலிழந்த நீரிழிவு நோயாளி ஒருவரைப் பற்றிய மருத்துவப் பதிவும் இருக்கிறது. ஒருவருக்கு நடந்ததை வைத்து எல்லாருக்கும் நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் ‘பக்கவிளைவே இல்லை’ என்ற பேச்சு அதோடு பொய்த்துவிடுகிறது.

இவ்வளவும் போத்தலுக்குள் உண்மையான கருஞ்சீரக எண்ணெய் இருந்தால்தான். மிச்சம் இருந்த குளிசை ஒன்றைச் சவர அலகால் கீறித் தட்டில் பிழிந்தோம். கருஞ்சீரக எண்ணெய் கரு மண்ணிறமாக, மூக்கில் ஏறும் கார மணத்தோடு இருக்கும், நாக்கில் வைத்தால் கசந்து எரியும். இது வெளிர் மஞ்சள், மணமே இல்லை. என்ன எண்ணெய் என்று ஆய்வுகூடம்தான் சொல்ல வேண்டும்.

போத்தலில் இறக்குமதி செய்தவரின் பெயரோ முகவரியோ இல்லை, தொகுதி இலக்கம் இல்லை, விலை கையால் எழுதி ஒட்டியது. அடியில் எறும்பளவு ஆங்கில எழுத்தில் ஒரு வரி: இது எந்த நோயையும் கண்டறியவோ குணப்படுத்தவோ அல்ல. மண்டபத்தில் ஒலிபெருக்கியில் சொன்னதற்கு நேர் எதிர். சட்டத்துக்குப் பதில் சொல்ல அந்த வரி, சனத்துக்கு விற்க ஒலிபெருக்கி. நோயைக் குணப்படுத்தும் என்று விற்றால் அது மருந்து. மருந்தென்றால் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் பதிவு வேண்டும், ஆயுர்வேத, சித்த மருந்தென்றால் ஆயுர்வேதத் திணைக்களத்தின் பதிவு. இந்தப் போத்தலில் இரண்டும் இல்லை.

அட்டையில் இருந்த போன் இலக்கம் இப்போது வேலை செய்வதில்லை. வவுனியா முகவரிக்குத் தம்பி போய்ப் பார்த்தான். அங்கே போன் திருத்தும் கடை. கடைக்காரருக்கு இவர்களைப் பற்றி ஒன்றும் தெரியாது, எங்களைப் போல வேறு சிலரும் வந்து கேட்டார்கள் என்றார். விற்ற பிள்ளையைக் கண்டுபிடித்தோம். இருபத்திரண்டு வயது இருக்கும். தன் தாயின் தோட்டை அடகு வைத்துப் போத்தல் எடுத்ததாம், விற்காத போத்தல்கள் கட்டிலுக்குக் கீழே கிடக்கின்றன. அம்மாவின் காலைப் பார்த்து அழுதது. அந்தப் பிள்ளையை ஏச எனக்கு மனம் வரவில்லை. மேலே இருந்து சரக்கு இறக்கியவன்தான் வேண்டும். ஆள் சேர்த்துக் காசு பார்க்கும் பிரமிட் திட்டங்கள் வங்கிச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டவை, மத்திய வங்கி அடிக்கடி விளம்பரமும் போடுகிறது. போத்தல் கை மாறுவதால் இது வியாபாரம் என்று தப்பிக்கப் பார்க்கிறார்கள்.

கருஞ்சீரகம் எடுத்துப் பார்க்க ஆசையென்றால், அரச சித்த வைத்தியசாலைக்கு உங்கள் கிளினிக் கொப்பியோடு போங்கள். அங்கே காசும் இல்லை, மருந்தை நிறுத்து என்ற கதையும் இல்லை. என்ன எடுத்தாலும் கிளினிக்கில் மறைக்க வேண்டாம். ஏசுவார்கள் என்று பயந்து மறைத்ததால்தான் அம்மாவுக்கு முதல் நாள் வீணானது. தூரத்தில் இருக்கும் பிள்ளைகள், “குளிசை போட்டனீங்களோ?” என்று கேட்பதோடு நிற்காமல், வீட்டில் யாரையாவது கொண்டு அலுமாரியில் இருப்பதை வீடியோவில் காட்டச் சொல்லுங்கள். பழைய குளிசைப் பைகள் சேர்ந்து கிடந்தால் விஷயம் வேறு.

நாங்கள் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். 1977 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது வியாபாரியின் சட்டக் கடமை என்பதையும் சொல்லி வையுங்கள். உங்கள் ஊர் மண்டபத்தில் முகாம் என்று ஓட்டோ அறிவித்தால், அன்றே பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் கிராம சேவையாளருக்கும் தகவல் கொடுங்கள், மண்டபத் திறப்பு யார் கையில் என்று பாருங்கள்.

மாங்குளம், துணுக்காய்ப் பக்கமும் இதே மாதிரி ஓட்டோ ஓடியதாகக் கேள்வி. போத்தலின் பெயர் வேறாம், தடியும் அறிக்கையும் அதேதானாம். மஞ்சள் அட்டையோ வெற்றுப் போத்தலோ வைத்திருப்பவர்கள் எறிந்துவிடாதீர்கள். படம் எடுத்து, யாரிடம் எப்போது எவ்வளவு கட்டினீர்கள் என்று ஒரு தாளில் எழுதி எனக்குத் தெரியப்படுத்துங்கள். எங்கள் முறைப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.